வீட்டு உரிமையாளர் சங்கங்களும் முற்றத்து உரிமையும்

அமெரிக்காவின் பல குடியிருப்புத் திட்டங்களில் வீடு வாங்குபவர், உரிமையாளர் சங்கமொன்றின் உறுப்புரிமையையும் ஏற்றாக வேண்டும். வெளிச்சுவரின் வர்ணம், வேலி, கூரை, புற்றரை ஆகியவற்றை மாற்றுவதற்கு அச்சங்கத்தின் எழுத்துமூல அனுமதி அவசியமாகும். காணியுடன் இணைத்துப் பதிவு செய்யப்படும் நிபந்தனைகள் பின்வரும் உரிமையாளர்களையும் கட்டுப்படுத்துவதே இவ்வதிகாரத்தின் அடிப்படை.

விண்ணப்பத்துடன் வரைபடம், அளவுகள், வர்ண மாதிரி, செடிகளின் விபரம் என்பன பொதுவாகக் கோரப்படுகின்றன. அனுமதியின்றி வேலையைத் தொடங்குபவர் தண்டப்பணம் செலுத்தவும், செய்ததை அகற்றவும் நேரிடலாம். மாநகர சபையின் கட்டட அனுமதி இதற்கு ஈடாகாது.

ஆயினும் சங்கத்தின் அதிகாரம் எல்லையற்றதன்று. கலிபோர்னியாவின் டேவிஸ்-ஸ்டேர்லிங் சட்டத்தின் பிரகாரம், நிராகரிப்பு எழுத்தில் அமைவதுடன் அதற்கான காரணமும் மீள்பரிசீலனைக்கான வழிமுறையும் தெரிவிக்கப்படல் வேண்டும். வறட்சி அவசரகாலத்தில் புல்லுக்கு நீர் பாய்ச்சாதவரிடம் தண்டம் அறவிடுவதை அம்மாநிலம் 2014 இல் தடை செய்தது. சூழலுக்கு உகந்த, குறைந்த பராமரிப்புடைய தோட்டங்களுக்குச் சங்கங்கள் நியாயமற்ற தடை விதிப்பதை மேரிலாந்து 2021 இல் சட்டத்தால் கட்டுப்படுத்தியது.

அயலின் ஒழுங்கைப் பேணுவது சங்கத்தின் கடமையே. எனினும் அவ்வொழுங்கின் பெயரால் நீரையும் நிலத்தையும் விரயமாக்க ஒருவரை நிர்ப்பந்திப்பது உரிமையாகாது என்பதையே இச்சட்டங்கள் உணர்த்துகின்றன.