குறிகாட்டும் நாய்களும் அவற்றைப் பயிற்றியோரும்

1685ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7ஆம் நாள் இங்கிலாந்தின் ஊஸ்டர் வட்டாரத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ரிப்ஸ்ஃபோர்டு என்னும் ஊரைச் சேர்ந்த ஹென்றி ஹெர்பர்ட் என்னும் செல்வர், தம்முடைய பெட்டை நாயை ஜான் ஹாரிஸ் என்னும் உழவரிடம் ஒப்படைத்தார். நாயின் பெயர் குவாண்டு. கௌதாரி முதலிய பறவைகள் பதுங்கியிருக்கும் இடத்தை மோப்பத்தால் அறிந்து, மேலே பாயாமல், அவ்விடத்தைக் காட்டி நிற்க அதற்குக் கற்பிக்க வேண்டும். அடுத்த மார்ச்சு முதல் நாளுக்குள் பயிற்சி முடிந்து நாய் வீடு திரும்ப வேண்டும். கூலி முன்பணமாக 10 சில்லிங். பின்னர் 30 சில்லிங். பிற்காலத்தில் பழக்கமின்மையால் நாய் கற்றதை மறந்துவிடுமாயின், தம் சொந்தச் செலவில் அதனை வைத்திருந்து மீண்டும் கற்பிப்பதாகவும் ஹாரிஸ் உறுதி கூறினார். மாணவன் மறந்தால் ஆசிரியன் செலவில் மறுபாடம்! இத்தகைய உறுதிமொழியை எந்தப் பள்ளியிலும் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஒப்பந்தத்தின் அடியில் ஹாரிஸின் கையெழுத்து இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கீறல் குறியே உள்ளது.

எழுத்தறியாத ஒருவரை நம்பி எழுத்தறிந்த ஒருவர் ஒப்படைத்த இக்கலை, அன்றைக்கே பழமையானதாகும். பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில் ஃபுவா நாட்டை ஆண்ட காஸ்தோன் ஃபேபு என்னும் சிற்றரசர் 1387ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய வேட்டை நூலில், பறவை வேட்டைக்குரிய நாய்களைப் பற்றிக் கூறுகின்றார். அவ்வினம் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தது என்பது அவர் கருத்து. இங்கிலாந்தின் மருத்துவ அறிஞர் ஜான் கையஸ் 1570ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் நாய்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பறவையை உணர்ந்ததும் நாய் ஓசையின்றி அடி அடியாக ஊர்ந்து, வயிறு நிலத்தில் படியத் தாழ்ந்து, இடத்தைக் காட்டிக் கிடப்பதையும், வேட்டைக்காரர் வலையை விரித்துப் பறவைக் கூட்டத்தை மூடிவிடுவதையும் அவர் நேரிற் கண்டார்போல் விளக்குகின்றார். துப்பாக்கி பரவாத காலத்து முறை இது. நாய் நின்றுகொண்டிருந்தால் வலைக்கு இடையூறு. ஆகவே அது படுக்க வேண்டும். 'செட்டர்' என்னும் இனப்பெயர் இவ்வாறு அமர்ந்து காட்டும் பழக்கத்தால் வந்ததே.

1660ஆம் ஆண்டில் இரண்டாம் சார்லசு மன்னர் நாடு திரும்பி ஆட்சியேற்ற பின்னர், பறக்கும் பறவையைச் சுடும் பழக்கம் பிரெஞ்சு நாட்டிலிருந்து இங்கிலாந்தில் வந்து வேரூன்றியது. வலை மறையத் தொடங்கவே பாடத்திட்டமும் மாறிற்று. படுத்த நாய் புல்லிடையே கண்ணுக்குத் தெரியாது. நின்று காட்டும் நாயே துப்பாக்கிக்காரருக்கு வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் 'பாயின்டர்' எனும் நாய் செல்வாக்குப் பெற்றதற்கு இதுவே காரணம். வெடியோசை கேட்டும், பறவை சிறகடித்து எழுவதைக் கண்டும் அது அசையாதிருத்தல் வேண்டும். அக்காலத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்து நிரப்ப வேண்டியிருந்தது. அதற்குள் நாய் ஓடினால் எஞ்சிய பறவைகளும் பறந்துபோகும்.

இங்கு ஓர் உண்மையைத் தெளிதல் வேண்டும். குறிகாட்டுவது மனிதன் கற்பித்த வித்தையன்று. ஓநாயும் நரியும் இரையின்மேல் பாய்வதற்கு முன்னர் ஒரு கணம் நிலைத்து நிற்கும். அக்கணத்தைப் பல தலைமுறைத் தெரிவினால் நீட்டியதே இந்த நாய் இனங்களின் வரலாறு. சில மாதக் குட்டியும், கயிற்றில் கட்டி ஆட்டிய இறகைக் கண்டு ஒரு காலைத் தூக்கியபடி சிலைபோல் நின்றுவிடும். அதற்குக் கற்பிக்க வேண்டியவை பிற: நின்ற நிலையை விடாதிருத்தல், காற்றை எதிர்கொண்டு வயலைக் குறுக்கும் நெடுக்குமாகத் தேடுதல், மற்றொரு நாய் குறிகாட்டுவதைக் கண்டால் தானும் நின்று அதற்கு மதிப்பளித்தல். சுருங்கக் கூறின், நாய்க்குக் கற்பிப்பது அடக்கம். அடக்கத்தைக் கற்பிப்பவன் முதலில் அடக்கமுடையவனாக இருக்க வேண்டும் என்பதை ஏட்டில் எழுத நெடுங்காலம் சென்றது.

ஆங்கிலத்தில் இத்தொழிலுக்கு வழங்கிய பெயர் 'நாயை உடைத்தல்' என்பதாகும். பெயருக்கேற்ற கருவிகளும் இருந்தன. சாட்டையும், உட்புறம் முள் பதித்த கழுத்துப்பட்டையும் பலர் கையாண்டனர். 1848ஆம் ஆண்டில் ஹட்சின்சன் என்னும் படைத்தலைவர் வெளியிட்ட நூல், பெயரளவில் அந்தப் பழஞ்சொல்லையே தாங்கியிருந்தாலும், உள்ளடக்கத்தில் வேறு வழி காட்டிற்று. முதற்பாடங்களை வயலில் தொடங்காமல் வீட்டிலேயே தொடங்கலாம் என்றார் அவர். உணவை முன்னே வைத்து, சொல் கேட்கும்வரை பொறுத்திருக்கக் கற்பித்தல், கூச்சலைத் தவிர்த்துக் கையசைவால் ஏவுதல், ஒரே சைகையை ஒரே பொருளில் மாறாது வழங்குதல் ஆகியவை அவர் முறைகள். சினத்தை அடக்கத் தெரியாதவர் இத்தொழிலுக்கு ஆகார் என்பதும் அவர் துணிபு. தவறு நாயிடம் இருப்பதைவிட, நேற்று ஒரு சைகையும் இன்று ஒரு சைகையும் காட்டும் மனிதரிடமே மிகுதி என்பதை உணர்ந்த நூல் அது. அமெரிக்காவில் ஹேமன்டு என்பவர் 1882ஆம் ஆண்டில் எழுதிய நூலின் தலைப்பிலேயே 'உடைத்தல்' என்பதற்கு எதிராகப் 'பயிற்றுதல்' என்னும் சொல்லை நிறுத்தினார். சொல் மாறுவதற்கு நூற்றாண்டுகள் ஆயின. சாட்டை மாறுவதற்கு மேலும் காலம் வேண்டியிருந்தது.

பயிற்றியவரின் நிலை என்ன? 1671ஆம் ஆண்டின் ஆங்கிலேய வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான தகுதியோ இல்லாதவர் துப்பாக்கியும், வலையும், குறிகாட்டும் நாயும் வைத்திருப்பதைத் தடுத்தது. நிலக்கிழாரின் காவலர்கள் வீடு புகுந்து அவற்றைக் கைப்பற்றவும் இடமளித்தது. எனவே, பிறர் நாய்க்குக் கற்பித்த ஏழைகளுள் மிகப் பலர் தமக்கென ஒன்றை வளர்க்கும் உரிமை பெறாதவர். நிலத்தகுதி விதி 1831ஆம் ஆண்டில்தான் நீங்கியது.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், பெட்ஃபோர்டு வட்டாரத்துச் சவுத்தில் என்னுமிடத்தில் முதன்முறையாக வயல்வெளிப் போட்டி நடந்தது. இங்கிலாந்தில் இந்த நாய்களின் செல்வாக்குத் தளரத் தொடங்கிய காலமும் அதுவே. அறுவடைப் பொறி அடியொட்டி அறுத்த தாளில் கௌதாரி பதுங்க இடமில்லை. ஆட்களை விட்டுப் பறவைகளைத் துப்பாக்கியை நோக்கி விரட்டும் வேட்டையும் பரவிற்று. அமெரிக்காவில் கதை வேறு. அங்கு முதற்போட்டி 1874ஆம் ஆண்டில் மெம்ஃபிசு நகருக்கருகே நடந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வடபுலச் செல்வர்கள், ஜார்ஜியா முதலிய தென்மாநிலங்களின் பழைய பருத்தித் தோட்டங்களை வாங்கிக் காடை வேட்டைக்கென ஒதுக்கினர். அங்கே நாய்களை வளர்த்து, பழக்கி, விடியலில் வேட்டைக்கு இட்டுச் சென்றவர்களுள் பெரும்பகுதியினர் கறுப்பின மக்கள். பலர் அடிமைகளாக இருந்தோரின் மக்களும் பேரர்களும் ஆவர். 1891ஆம் ஆண்டில் இறந்த 'கவுன்ட் நோபிள்' என்னும் புகழ்பெற்ற செட்டர் நாயின் உடலைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைத்தனர். தோட்டத்து நாய்களைப் பழக்கிய அக்கைகளுக்குரியோரின் பெயர்களுள் பல அச்சேறவே இல்லை.

நாயோடு அதனை நடத்துபவரையும் மாணவராகக் கொள்ளும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. 1969ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் தோன்றிய பல்திறன் வேட்டை நாய்ச் சங்கம், நாய்க்குத் தேர்வு வைப்பதோடு நடத்துபவருக்கும் பயிற்சி முகாம்கள் நடத்தி வருகின்றது. நாயின் வாலையும் செவியையும் படிக்கவும், குறிகாட்டும் வேளையில் வாய் திறவாதிருக்கவும், நாய் முறை தவறி எழுப்பிய பறவையைச் சுடாதிருக்கவும் அவர்கள் கற்க வேண்டும். இவற்றுள் கடைசியே கடினமானது என்பர். கை பரபரக்கும் நேரம் அது. சுட்டுவிட்டாலோ, நாய் அன்றே தவற்றைப் பாடமாக ஏற்றுக்கொள்ளும். இதற்கிடையில் முள் பட்டையின் இடத்தை மின்னதிர்ச்சிப் பட்டை பிடித்தது. 2010ஆம் ஆண்டில் வேல்சு நாடு அதனைச் சட்டத்தால் தடைசெய்தது.