கடலோரத்தில் வெளிச்சுவர்க் கேஸ் கீசர்

தொட்டியில்லாத கேஸ் கீசர் வெந்நீரைச் சேர்த்து வைப்பதில்லை. குழாயைத் திறந்ததும் உள்ளிருக்கும் உணரி நீரோட்டத்தை அறிகிறது. விசிறி சுழன்று காற்றை இழுக்கிறது. பர்னர் பற்றிக்கொள்ள, செம்புக் குழாய்களில் ஓடும் நீர் போகிற போக்கிலேயே சூடாகிறது. வெளிச்சுவரில் மாட்டும் வகைக்குப் புகைபோக்கி வேண்டாம், வீட்டுக்குள் இடமும் வேண்டாம். அதனால் உறைபனி இல்லாத கடலோரங்களுக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. ஹவாய்த் தீவுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2010 ஜனவரி முதல் புதிதாகக் கட்டும் தனி வீடுகளில் சூரிய வெந்நீர் அமைப்பு சட்டப்படி கட்டாயம். ஆனால் வேறொரு கேஸ் சாதனமும் இருக்கும் வீட்டில் தொட்டியில்லாத கேஸ் கீசர் வைப்பதாக இருந்தால் விலக்குக் கோரலாம். அப்படி வைக்கப்படும் கீசருக்கு எதிரி கடலுப்பு. அதன் ஆயுளைத் தீர்மானிப்பதில் எந்த மாதிரியை வாங்கினோம் என்பதைவிட, எந்தச் சுவரில் மாட்டினோம், படிந்த உப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவினோம் என்பவற்றுக்கே பங்கு அதிகம்.

அலை உடையும்போது எழும் குமிழிகள் வெடித்து நுண்துளிகளைக் காற்றில் வீசுகின்றன. பெரிய துளிகள் கரையை ஒட்டியே விழுந்துவிடும். சிறியவை உள்நாட்டுக்குள் வெகுதூரம் போகும். ஆகவே தொலைவு கூடக்கூட அரிப்பு சீராகக் குறைவதில்லை; கரையோரத்தின் முதல் சில நூறு மீட்டருக்குள் செங்குத்தாகச் சரிகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில், கியூரி பீச் சோதனைத் திடலில், பல பத்தாண்டுகளாகக் கடலிலிருந்து ஏறத்தாழ 25 மீட்டரிலும் 250 மீட்டரிலும் உலோகத் தகடுகளை வைத்து ஒப்பிட்டு வந்தார்கள். முன்வரிசையில் இருந்த எஃகு பின்வரிசை எஃகைவிடப் பல மடங்கு வேகமாகக் கரைந்தது. நம் பக்கத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபம் என்னும் ஊரில் நடத்தும் கடலோரச் சோதனைகளும் இதே கேள்வியைத்தான் ஆராய்கின்றன. பன்னாட்டுத் தர அளவுகோலான ஐஎஸ்ஓ 9223, கடும் அரிப்புள்ள சி5 வகுப்பில் சாதாரண எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை இழக்கும் என்கிறது. மிதமான சி3 வகுப்பில் அந்த இழப்பு 25 முதல் 50 மைக்ரான்தான். வந்து படிந்த உப்பு காய்ந்துவிட்டால் கேடு நின்றுவிடும் என்று எண்ணுவதும் தவறு. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தொட்டால் நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். வெப்பமண்டலத் தீவில் காற்று அவ்வளவு வறள்வது அரிது. எனவே உப்பு படிந்த தகடு பார்வைக்கு உலர்ந்திருந்தாலும் அதன்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் பொதுப் புத்தி தடுமாறுகிறது. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று கீசரை இறவாரத்தின் அடியில் மாட்டத் தோன்றும். வெளிச்சுவர்க் கீசர் மழையைத் தாங்கும்படி செய்யப்பட்டதுதான். கூரைத் தண்ணீர் ஒரே இடத்தில் அருவிபோல் கொட்டாதவரை மழையால் அதற்குத் தீங்கில்லை. மாறாக, மழை உப்பைக் கழுவுகிறது. காற்று புகுந்து மழை புகாத மூலையில் உப்பு மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். கடலோரக் கட்டடங்களில் திறந்த பரப்பைவிட இறவாரத்தின் அடிப்பகுதியும் பால்கனியின் கீழ்ப்புறமும் முதலில் துருப்பிடிப்பது இதனால்தான். ஹவாயின் ஓவாஹு தீவில் வடகிழக்கு வியாபாரக் காற்று ஆண்டின் பெரும்பகுதி கைலுவா பக்கத்துக் கரையை நேராக அறைகிறது. அங்கே கடல் பார்த்த சுவரைத் தவிர்த்து வீட்டின் மறுபுறச் சுவரைத் தேர்வது முதல் விதி. ஆனால் காற்றுமறைவான தென்மேற்குக் கரையில் இருப்பவர் தப்பித்ததாக எண்ணிவிட முடியாது. அங்கே உப்பு குறைவாக வந்தாலும் மழையும் குறைவு. வந்த உப்பு போக வழியில்லை. அங்குள்ள வீட்டில் கழுவும் கடமை முழுவதும் மனிதக் கைக்கே வந்து சேர்கிறது.

துருப்பிடிக்காத எஃகு உறையுள்ள கீசரை வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். 304 ரக எஃகு கடற்கரையில் தேயிலைக் கறைபோல் பழுப்பேறும். 316 ரகம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் உறை நன்றாயிருப்பது கீசர் நன்றாயிருப்பதற்குச் சான்றல்ல. எரிய வேண்டிய காற்றையே அது வெளியிலிருந்துதான் இழுக்கிறது. உப்பும் கூடவே உள்ளே போகிறது. விசிறித் தாங்கி, தீப்பொறி முனை, மின்பலகையின் இணைப்புகள், செம்பும் எஃகும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் ஆகியவைதான் முதலில் நோகும். செம்பில் பச்சைக் களிம்பு படர்வது பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கும். அதைப் பிடித்திருக்கும் எஃகுத் திருகு உளுத்துப்போவதுதான் தொல்லை. மின்பலகைக்குப் பிசின் பூச்சு உண்டா என்று வாங்கும்போதே கேட்பது உறையின் பளபளப்பைப் பார்ப்பதைவிடப் பயன்தரும். உத்தரவாதப் பத்திரத்தில் அரிக்கும் சூழலால் வரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் படித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு யோசனை, துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடுவது. அது ஈரத்தைச் சிறைப்படுத்தும்; மூடியபடி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். உயிருக்கே ஆபத்தான இதை ஒருநாளும் செய்யக்கூடாது. வலுவான மறுப்பு ஒன்றே: வீட்டுக்குள் வைத்துவிடலாமே என்பது. அலைச் சாரல் நேராகத் தெறிக்கும் முதல் வரிசை வீட்டுக்கு இது சரியான வாதம். மூடிய எரியறையும் தனிக் காற்றுக்குழாயும் உள்ள உட்புறக் கீசரில், காற்று புகும் வாயையாவது மறைவான பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். மின்பலகையும் உப்பங்காற்றில் நிற்காது. இரண்டாவது மூன்றாவது வரிசை வீடுகளுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

கொள்ளளவு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வரும் நீர் 22 டிகிரி செல்சியஸ், வேண்டியது 45 டிகிரி என்று கொண்டால், நிமிடத்துக்கு 10 லிட்டர் பாயும் ஒரு ஷவருக்கு ஏறத்தாழ 16 கிலோவாட் போதும். குளிர்நாட்டில் 5 டிகிரி நீருக்கு அதே ஷவர் 28 கிலோவாட் கேட்கும். ஆகவே குளிர்நாட்டுக்கென அளவிட்ட 58 கிலோவாட் கீசர் ஒரு சிறு தீவு வீட்டுக்கு வீண். இதே காரணத்தால், புகையின் நீராவியையும் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் உயர்திறன் வகையில் கிடைக்கும் கேஸ் சேமிப்பும் இங்கே சிறிது. அதற்கு இரண்டாவது வெப்பமாற்றியும் அமிலக் கழிவுநீருக்கு வடிகாலும் தேவை. பழுதாகக்கூடிய பாகங்கள் குறைந்த எளிய வகையே கடலோரத்துக்கு ஏற்றது.

பராமரிப்பில் கழுவுதலே தலையாயது. கேஸையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கீசர் ஆறிய பின், நல்ல தண்ணீரை மென்மையாக ஊற்றி உறை, அடிப்பகுதி, சுவரோடு சேரும் பின்புறம், தாங்கிகள் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். காற்று வாய்க்குள்ளோ புகைவாய்க்குள்ளோ நீரைப் பீய்ச்சக்கூடாது; அழுத்தக் கருவி வேண்டவே வேண்டாம். கரைக்கு அருகில் மாதம் ஒருமுறை, புயலுக்குப் பிறகு உடனே. பூச்சு உரிந்த இடத்தைக் கண்ட அன்றே சுரண்டித் துத்தநாகப் பூச்சு அடிக்க வேண்டும். கேஸ் இணைப்புக்குப் பூச்சுள்ள நெளிகுழாயைப் பொருத்தி, கழுவும்போதெல்லாம் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது நல்லது. கடினநீர் உள்ள ஊரில் ஆண்டுக்கொருமுறை, அடைப்பு வால்வுகளை மூடி, சிறு பம்பால் 15 லிட்டர் அளவு வெள்ளை வினிகரை ஒரு மணி நேரம் சுழற்றினால் சுண்ணாம்புப் படிவு கரையும்.

ஹவாயின் பெரிய தீவில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கிலவெயா எரிமலையின் கந்தக டைஆக்சைடு காற்றில் கலந்து மழையை அமிலமாக்குகிறது. அங்கே பல வீடுகள் கூரை மழைநீரையே தொட்டியில் பிடித்துப் புழங்குகின்றன. உப்பைக் கழுவும் அதே மழை அங்கே தகட்டின் மேல் அமிலத்தை விட்டுச் செல்கிறது, தொட்டி நீரோ செம்புக் குழாயை உள்ளிருந்தே கரைக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் தொட்டி நீரின் அமிலத்தன்மையைச் சோதித்து, சுண்ணாம்புக்கல் வடிகட்டி போன்றவற்றால் அதைத் தணித்த பிறகே கீசரை இணைக்க வேண்டும்.