நுரைச்சோலைத் தூசியும் ஒரு மேற்படிப்பும்

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம், நோன்பு காலத்தின் ஒரு பிற்பகலில், நுரைச்சோலையைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் தமது தம்பியுடன் கொழும்பிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். விஞ்ஞானப் பட்டதாரி. இங்கிலாந்தில் விஞ்ஞானத் தொடர்பாடல் என்ற துறையில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், அதற்கு என்னிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றும் கேட்டார். (தமிழக வாசகர்கள் இதனை அறிவியல் தொடர்பியல் என்பர். நான் எங்கள் நாட்டு வழக்கிலேயே எழுதுகிறேன்.)

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைப் பணிமனைகளில் கழித்தவன் நான். விஞ்ஞானிகள் சொல்வதை விளங்கும் தமிழில் எழுத வேண்டும், அவ்வளவுதானே, இதற்கு ஒரு பட்டப்படிப்பா என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அதை மறைக்காமல் கேட்டும் விட்டேன். அவர் பதில் சொல்லாமல் கைப்பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். 2012 ஆம் ஆண்டு நான் எழுதிய கட்டுரை அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. இலங்கையில் இரண்டு நுரைச்சோலைகள் உண்டு. அம்பாறை மாவட்டத்து நுரைச்சோலை, சுனாமிக்குப் பின் சவூதி அரேபிய உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டு, உரியவர்களிடம் சேராமல் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த இடம். நான் சொல்வது புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ளது. மணல் நிலம், ஆழமில்லாத கிணறு, கையால் நீர் இறைத்த காலம் போய் இயந்திரம் வந்த தோட்டங்கள், வெங்காயம், மிளகாய், பீட்றூட். தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்க மீனவர்களும் அக்கம்பக்கமாக வாழும் கரை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பகுதியினர் வந்து தங்கியதும் இப்பிரதேசத்திலேதான்.

நிலக்கரி அனல்மின் நிலையம் முதலில் இங்கு வருவதாக இருக்கவில்லை. எண்பதுகளில் திருகோணமலை பேசப்பட்டது. பின்னர் தெற்கே மாவெல்ல. அங்கெல்லாம் எதிர்ப்பு எழவே தொண்ணூறுகளில் நுரைச்சோலை தெரிவாயிற்று. இங்கும் எதிர்ப்பு இருந்தது. அருகிலுள்ள தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்தின் பொருட்டுக் கத்தோலிக்கத் திருச்சபை முன்னின்றது. திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2006 இல் சீனக் கடனுதவியுடன் அடிக்கல் நாட்டப்பட்டு, 2011 மார்ச்சில் முதலாவது 300 மெகாவாட் இயந்திரம் இயங்கத் தொடங்கியது. 2014 இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயின. நாட்டின் மிகப் பெரிய மின் நிலையம் இதுவே.

இலங்கைச் சட்டப்படி இத்தகைய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். 1993 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்கின்படி, பொதுமக்கள் அதனைப் பார்வையிட்டுக் கருத்துக் கூற 30 நாள் அவகாசம் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் பல நூறு பக்க அறிக்கையை வெங்காயத் தோட்டக்காரர் 30 நாளில் வாசித்துக் கருத்துக் கூறுவது எங்ஙனம்? கூட்டங்களில் பேசிய பொறியியலாளர்கள் தமக்குத் தெரிந்த மொழியில் பேசினர், கேட்டவர்கள் தமக்குத் தெரிந்த அச்சத்தைக் கூறினர். இடையில் நின்றிருக்க வேண்டியவர்கள் என்னைப் போன்ற பத்திரிகையாளர்கள்.

நிலக்கரிக் கப்பல்கள் இந்தக் கரையை அணுக முடியாது. ஆழ்கடலில் நின்று தட்டைப் படகுகளில் இறக்குகின்றன. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இறக்குவதில்லை. ஆகவே அம்மாதங்களுக்கு வேண்டிய நிலக்கரியை முன்கூட்டியே கொண்டுவந்து திறந்த வெளியில் மலைபோலக் குவிக்கின்றனர். கப்பலை நிறுத்திய அதே காற்றுத்தான் அந்தக் குவியலின் தூசியை ஊருக்குள் கொண்டுவருகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. ஊரார் தாமாகவே கண்டுகொண்டனர். அவர்களுக்குத் தெரியாதிருந்தது எவ்வளவு தூசி என்பதும், சட்டம் எவ்வளவுக்கு இடமளிக்கிறது என்பதுமே.

அதை விளக்கத்தான் 2012 இல் நான் அந்தக் கட்டுரையை எழுதினேன். சுவாசிக்கக்கூடிய நுண்துகள்களுக்கு இலங்கை 2008 இல் விதித்த எல்லை, 24 மணிநேரச் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 100 மைக்ரோகிராம். நான் 100 மில்லிகிராம் என்று எழுதிவிட்டேன். ஆயிரம் மடங்கு பிழை. ஆங்கிலக் குறியீட்டைக் கண்ணால் பார்த்துக் கையால் மாற்றி எழுதினேன், மனத்தால் எடை போடவில்லை. ஆசிரியபீடத்தில் எவரும் கவனிக்கவில்லை. வாசகர் ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை. கட்டுரை நன்றாக இருந்ததாகச் சிலர் தொலைபேசியில் பாராட்டினர்!

"வாப்பா அதை வெட்டி வைத்துக்கொண்டார், சேர். மனு எழுதிய போது அதிலிருந்துதான் கணக்கை எடுத்தார்" என்றார் அந்தப் பெண்.

தோட்டத்தில் தூசியை அளக்க வேண்டும், சட்டம் சொல்லும் 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நடவடிக்கை வேண்டும் என்று அவருடைய தந்தை மனுக் கொடுத்திருக்கிறார். அதை வாசித்த அதிகாரி சிரித்தாராம். அத்தனை தூசி இருந்தால் நீட்டிய கை தெரியாது, நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ளும் அவ்வளவுக்கு இடமளிப்பதில்லை, எதுவும் தெரியாமல் ஏன் மனு எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதிகாரி சொன்ன கணக்குச் சரி. தோட்டக்காரர் கேட்ட கேள்வியும் சரி. இரண்டுக்கும் நடுவே நின்றது என் பிழை. அவர் அதன் பின் மனு எதுவும் எழுதவில்லையாம். கூட்டங்களிலும் வாய் திறப்பதில்லை.

அன்று அந்தப் பெண் என்னிடம் விட்டுச்சென்ற பாடத்திட்டத்தையும், அதில் குறிப்பிடப்பட்டிருந்த சில கட்டுரைகளையும் பிறகு தேடி வாசித்தேன். இத்துறையின் வரலாறு நான் நினைத்ததைவிடச் சுவையானது.

1985 இல் பிரித்தானிய ரோயல் சொசைட்டி, பொடமர் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. விஞ்ஞானத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பது விஞ்ஞானியின் கடமை என்றது அது. மக்களுக்கு அறிவு குறைவு, ஊட்டினால் நம்பிக்கை வரும் என்பது அன்றைய எண்ணம். 1991 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி இதை முதுமாணிப் படிப்பாக்கியது. மறு ஆண்டே பிரையன் வின் என்ற சமூகவியலாளர் எழுதிய ஆய்வு அந்த எண்ணத்தின் அடித்தளத்தை அசைத்தது.

1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், வட இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளில் மழையோடு கதிரியக்கச் சீசியம் இறங்கியது. ஆட்டிறைச்சி விற்பனைக்கு மூன்று வாரத் தடை, அதற்குள் சரியாகிவிடும் என்றனர் விஞ்ஞானிகள். களிமண் நிலத்தில் செய்த ஆய்வை நம்பிச் சொன்ன கணக்கு அது. மலையிலோ அமிலத்தன்மை கொண்ட கரிச்சேற்று மண். சீசியம் அங்கே மண்ணில் கட்டுண்டு கிடக்காமல் புல்லுக்கும் ஆட்டுக்கும் மீண்டும் மீண்டும் ஏறியது. சில பண்ணைகளில் கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. மலையாடுகளை வேலிக்குள் அடைத்து ஒரு பரிசோதனை செய்தனர். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு வேலிக்குள் நலிந்துபோகும் என்றனர் இடையர்கள். எவரும் செவிமடுக்கவில்லை. பின்னர் அந்தக் காரணத்தாலேயே பரிசோதனை கைவிடப்பட்டது. இடையரின் ஐயம் அறியாமையால் வந்ததன்று, விஞ்ஞானிகள் கேட்காமல் விட்ட அறிவு அவர்களிடம் இருந்தது என்று வின் எழுதினார். அதை வாசித்தபோது எனக்குக் கற்பிட்டிதான் நினைவில் வந்தது.

அதற்காக ஊரார் சொல்வதெல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. எண்பதுகளிலேயே பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வாளர்களும் இலங்கை நீர்வள சபையினரும் கற்பிட்டிக் கிணறுகளை ஆராய்ந்து, தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்று மணலூடாக இறங்கிக் குடிநீரில் மிகுந்திருப்பதைக் கண்டனர். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. அனல்மின் நிலையம் வருவதற்கு முந்திய கதை இது. ஆய்வு ஆங்கிலத்தில் கிடந்தது. தூசியைப் பற்றிப் பல பத்திகள் எழுதிய நான், கிணற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

தமிழில் இத்தொண்டுக்கு முன்னோர் இல்லாமலில்லை. 1841 இல் தொடங்கிய உதயதாரகை, யாழ்ப்பாணத்து வாசகருக்கு மேனாட்டு விஞ்ஞானத்தை அறிமுகம் செய்தது. 1847 இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்து, 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களை அளித்தார். பின்னாளில் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. காபனீரொட்சைட்டு, கந்தகவீரொட்சைட்டு என்று எங்கள் பிள்ளைகள் பரீட்சை எழுதுவது அதன் பயன். இந்தியாவில் 1982 இல் இதற்கெனத் தேசியக் குழு அமைந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியலோடு அறிவியல் தொடர்பியலும் ஒரு துறையின் பெயரிலேயே இடம்பெற்றது. சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. கந்தகவீரொட்சைட்டு என்று எழுதத் தெரிந்த எனக்கு மைக்ரோவுக்கும் மில்லிக்கும் இடையிலுள்ள தூரம் உறைக்கவில்லை.

அந்தப் பெண் வந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னர், பெப்ரவரி 9 ஆம் திகதி, நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்றார் அமைச்சர். உலகமே சிரித்தது. குரங்கு பாணந்துறையில் பாய, நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் ஏன் நின்றன, அவற்றை மீண்டும் இயக்க ஏன் நாள்கள் பிடித்தன, ஏன் ஒன்றரை மணிநேரம் வரை மின்வெட்டு என்பதைத் தமிழில் விளக்கிய கட்டுரை என் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல், தேவை குறைவு, சூரிய மின்சாரம் மிகுதி. கனத்த சுழலிகள் குறைவாக ஓடும் அத்தகைய வேளையில் சிறு அதிர்ச்சியையும் மின்வலையமைப்பு தாங்காது. இதைச் சொல்ல நான்கு வரி போதும். அந்தப் பெண் தமது விண்ணப்பக் கட்டுரையில் அதை மூன்றே வரியில் எழுதியிருந்தார்.

கடிதத்தை அன்றே எழுதிக் கொடுத்தேன். வழக்கமான புகழ்ச்சிகளுக்குப் பதிலாக, என் கட்டுரையில் நேர்ந்த பிழையையும், விண்ணப்பதாரர் அதைக் கண்டுபிடித்த விதத்தையும் குறிப்பிட்டேன். பிறகு அந்தப் பத்திரிகைத் துண்டில் 'மில்லி' என்பதை வெட்டி 'மைக்ரோ' என்று எழுதி, திகதியிட்டுக் கையொப்பமிட்டேன். நோன்பு துறக்கும் நேரத்துக்குள் உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தம்பி அவசரப்படுத்தினார். துண்டை வாப்பாவிடம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு இருவரும் புறப்பட்டனர்.