கூட்டுறவுக் கடன் அமைப்பு (தஞ்சைப் பகுதி)

காவிரிப் பாசனத்தை நம்பிய தஞ்சைப் பகுதியில் உழவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் வழங்கும், உறுப்பினர்களே உரிமையாளர்களான நிதி அமைப்பு. நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடுவட்டி வாங்கிய தனியாரிடமிருந்து குடியானவரை விடுவிக்கும் வழியை ஆராய்ந்து ஆங்கிலேய அதிகாரி பிரடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்வமைப்பு மூன்றடுக்கு கொண்டது. ஊர்மட்டத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும், அதற்கு நிதி வழங்கும் தஞ்சாவூர், கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு வங்கிகளும், இவற்றுக்கு மேல் சென்னையிலுள்ள தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியும் இயங்குகின்றன. 1982இல் நிறுவப்பட்ட தேசிய வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு இவற்றுக்கு மறுநிதி, அதாவது வழங்கும் கடனுக்கான நிதியுதவி, அளிக்கிறது.

சங்கத்தில் பங்குத்தொகை செலுத்தி உறுப்பினராகும் உழவர், நில உரிமையைக் காட்டும் சிட்டாவையும் சாகுபடியைக் காட்டும் அடங்கலையும் அளித்துக் குறுவை, சம்பா, தாளடிப் பருவங்களுக்குப் பயிர்க்கடன் பெறுகிறார். ஏக்கருக்குரிய கடனளவு பயிருக்குப் பயிர் வேறுபடுகிறது. கடனின் ஒரு பகுதி உரமாகவும் தரப்படுவதுண்டு. விளைச்சல் பணமாகும் காலத்தை ஒட்டித் தவணை அமைவதால், காவிரி நீரைத் தரும் மேட்டூர் அணையின் திறப்பு தாமதித்தாலோ அறுவடை நேரத்தில் மழை பெய்தாலோ நிலுவை பெருகுகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி உழவரின் சுமையைக் குறைத்தது. ஆயினும், அடிக்கடி வரும் தள்ளுபடிகள் திருப்பிச் செலுத்தும் ஒழுங்கைத் தளர்த்துகின்றன என்ற விமர்சனமும் உண்டு.