வெள்ளை ஃபில்லிங்: ஒரு ஒட்டுற கதை

வெள்ளை ஃபில்லிங் எத்தனை வருஷம் வரும்? என்னைக் கேட்டா, இது நிறத்தோட கதையே இல்ல மக்களே, ஒட்டுற கதை.

முதல்ல வந்தது சிலிகேட் சிமென்ட். பல் நிறம்தான், ஆனா எச்சில்ல கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுடும். அடுத்து அக்ரிலிக். இறுகும்போது சுருங்கி ஓரத்துல இடைவெளி விட்டுச்சு.

1955-ல அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்துல மைக்கேல் புவோனோகோர் ஒரு யோசனை பண்ணார். உலோகத்துல பெயின்ட் நல்லாப் பிடிக்கணும்னு பாஸ்பாரிக் அமிலம் தடவுவாங்க இல்லையா? அதையே எனாமல்ல 30 விநாடி தடவினார். எனாமல் சொரசொரப்பாகி, பிசின் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. 1962-ல ரஃபேல் போவன், பிஸ்-ஜிஎம்ஏ பிசின்ல சிலிக்கா தூளைக் கலந்து காப்புரிமை வாங்கினார். தூளும் பிசினும் ஒட்ட, தூளுக்கே தனியா ஒரு பூச்சு! இன்றைய காம்போசிட்டுக்கு இதுதான் தாத்தா.

பிரச்சினை தீர்ந்துச்சா? அதான் இல்ல. காம்போசிட்டும் 2-3 சதவீதம் சுருங்குது. எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் ஈரமானது. அங்க பிடிமானம் நாளாக ஆகத் தளருது. ஓரத்துல மறுபடி சொத்தை, இல்லன்னா கடிச்சுக் கடிச்சு உடையுறது. பெரும்பாலான தோல்விகள் இந்த ரெண்டாலதான். நம்ம மென்பொருள்லயும் ரெண்டு மாட்யூல் சேர்ற இடத்துலதானே பக் ஒளிஞ்சிருக்கும்!

கடைவாய்ப் பல் ஃபில்லிங்குகளைப் பற்றி 2014-ல வந்த ஒரு தொகுப்பாய்வுல, 10 வருஷக் கணக்குல ஆண்டுக்கு சராசரியா 2.4 சதவீதம் தோல்வி. அதாவது முக்கால்வாசிக்கு மேல 10 வருஷம் தாண்டுது. ஆனா சொத்தை அதிகம் வர்ற வாயில தோல்வியும் அதிகம். பசையை டாக்டர் போடுவார். இனிப்பைக் குறைச்சு, ஒழுங்காப் பல் தேய்க்க வேண்டியது நாமதான்.