சிங்க் அடைச்சுக்கிச்சா? கொதிநீரை ஊத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தீபாவளிப் பலகாரம் சுட்டு, ஆட்டுக்கறி சமைச்சு முடிச்ச மறுநாள். சிங்க்கில் தண்ணீர் இறங்க மாட்டேங்குது. உடனே கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வச்சு அப்படியே ஊத்துறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

கொதிநீர் ஏன் வேண்டாம்?

நம் வீடுகளில் சிங்க்குக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் பிவிசி குழாய். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அது இளகத் தொடங்கும். கொதிநீரோ 100 டிகிரி. அடிக்கடி ஊத்தினால் இணைப்புகள் தளர்ந்து கசியலாம். கழிவறைப் பீங்கானில் ஊத்தினால் திடீர் வெப்பத்தில் விரிசல் விடலாம்.

அப்போ வெந்நீர் உதவுமா?

உதவும், அடைப்பு கொழுப்பாக இருந்தால். நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் நம்ம ஊர் வெப்பத்திலேயே உறைஞ்சு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கும். சூடு பட்டால் இளகும். சோறு, முடி, எலும்புத் துண்டு எதுவும் வெந்நீருக்குக் கரையாது.

எப்படிச் செய்யலாம்?

1. தேங்கிய தண்ணீரை முதலில் மொண்டு எடுங்க.
2. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் ஊத்துங்க.
3. ஒரு பங்கு கொதிநீரோடு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் சுமார் 50 டிகிரி வரும். அதை மெதுவாக ஊத்தி, சில நிமிடம் விட்டு, மறுபடி ஊத்துங்க.
4. சின்னப் பிள்ளைங்க பக்கத்தில் வேண்டாம்.

தண்ணீர் கொஞ்சம்கூட இறங்கவில்லையா? நிறுத்திடுங்க. சூடான தண்ணீர் தேங்கி நிற்கும்போது ரப்பர் பம்பால் அழுத்தினால் முகத்தில் தெறிக்கும். ஆறிய பிறகு பம்பு போடுங்க, அல்லது வளைகுழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்க.

இதை மட்டும் செய்யாதீங்க

காஸ்டிக் சோடா போட்ட குழாயில் வெந்நீர் ஊத்தாதீங்க, கொதித்துத் தெறிக்கும். குளோரக்ஸ் போன்ற பிளீச்சையும் அமிலத்தையும் கலந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும்.

இளகிய கொழுப்பு எங்கே போகுது?

கொஞ்ச தூரம் போய், ஆறி, மறுபடி உறையுது. டெங்கில் போன்ற இடங்களில் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை யோசிக்கணும்: பல வீட்டுச் சமையலறைக் கழிவு ஒரே செங்குத்துக் குழாயில்தான் இறங்குது. மேல்மாடி எண்ணெய், கீழ்மாடி அக்கா வீட்டு சிங்க்கில் பொங்கும். 2017-இல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கொழுப்புக் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் இப்படிச் சமையலறைகளிலிருந்து சேர்ந்ததுதான். ஈரத் துடைப்பான்களும் அதில் கலந்திருந்தன.

அதனால் வாணலியைக் கழுவும் முன் டிஷ்யூவால் துடைச்சு, குப்பையில் போடுங்க. பொரித்த எண்ணெயைப் போத்தலில் ஊத்தி வையுங்க.

யாரைக் கூப்பிடுவது?

வீட்டுக்குள் உள்ள குழாய் உங்கள் பொறுப்பு, பிளம்பரைக் கூப்பிடுங்க. அடுக்குமாடியின் பொதுக் குழாய் என்றால் நிர்வாகக் குழு. தெருவில் உள்ள பொதுக் கழிவுநீர்க் குழாய் அடைத்து மேன்ஹோல் வழிந்தால், இண்டா வாட்டரிடம் புகார் செய்யுங்க.