சூட்டை வெளியேற்றத் தெரிந்தவனுக்கே வேகம்

நம் வடசென்னைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இயந்திரத்திடம் கூடுதலாக வேலை வாங்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்ற வழி செய்யாவிட்டால் ஒருநாள் நின்றுவிடும். திருவொற்றியூரில் தயாரான புல்லட்டின் சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகள் அழகுக்காக வைத்தவை அல்ல. அந்த இரும்பின் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டு போவதற்காக வைத்தவை. எண்ணூரில் லேலண்டில் இருந்தவர்களைக் கேட்டால் இன்டர்கூலர் பற்றிச் சொல்வார்கள். டர்போ அழுத்தித் தள்ளும் காற்று சூடாகிவிடும். அதைக் குளிரவைத்து உள்ளே அனுப்பினால் அதே என்ஜின் கூடுதல் குதிரைசக்தி தரும்.

இன்றைய பிள்ளைகள் 'ஓவர்கிளாக்கிங்' என்று சொல்வதும் இதே கதைதான். அதன் வரலாறு சுவையானது என்பதால் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரின் ப்ராசஸர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. துறைமுகம் வருவதற்கு முன் மசூலா படகில் துடுப்பு போட்டவர்கள் பாட்டின் தாளத்துக்குத்தான் போட்டார்கள். பாடுகிறவர் தாளத்தைக் கூட்டினால் படகு வேகமாகப் போகும். அளவுக்கு மீறினால் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதும். ப்ராசஸரில் அந்தத் தாளத்தைத் தருவது ஒரு சிறு குவார்ட்ஸ் கிரிஸ்டல். கம்பெனி குறித்துக் கொடுத்த தாளத்தைவிட வேகமாக ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங்.

குறித்த வேகத்தைத் தாண்டி அது எப்படி ஓடுகிறது? ஒரே தகட்டில் வெட்டி எடுத்த சில்லுகளில்கூட எல்லாம் ஒரே திறமை கொண்டவையாக இருப்பதில்லை. கம்பெனி ஒவ்வொன்றையும் சோதித்து, எந்த ஊர் வெயிலிலும் பல வருடம் பிழையில்லாமல் ஓடும் வேகத்தைத்தான் முத்திரையாகப் பதிக்கிறது. விலை குறைந்த சரக்குக்குக் கிராக்கி அதிகமானால், நன்றாக ஓடக்கூடிய சில்லுக்கும் குறைந்த வேக முத்திரையே விழும். முத்திரைக்கும் உண்மைத் திறமைக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இந்தக் கலை பிறந்தது.

ஆரம்ப காலத்தில் கம்ப்யூட்டருக்கு இருந்த மரியாதையே வேறு. 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்த மாதிரிப் பெரிய கம்ப்யூட்டரை ஏ.சி. போட்ட கூடத்தில்தான் வைக்க முடியும். பல அலுவலகங்களில் பெரிய அதிகாரியின் அறைக்கு முன்பே கம்ப்யூட்டர் அறைக்கு ஏ.சி. வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். 1984-ல் வந்த ஏ.டி. மாடல் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு வேகமான கிரிஸ்டலைச் செருகினால் அது 8 மெகாஹெர்ட்ஸிலும் ஓடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கம்பெனி சும்மா இருக்கவில்லை. குறித்த வேகத்துக்கு மேல் ஓடினால் இயங்க மறுக்கும்படி பின்னால் வந்த பயாஸில் ஒரு சோதனையைச் சேர்த்தது. அந்தக் காலத்துச் சில்லுகள் அவ்வளவாகச் சூடாகாததால் விசிறி தேவைப்படவில்லை. 486 காலத்தில் அலுமினியத் தகடு வந்தது. பென்டியம் காலத்தில் அதன் தலையில் விசிறியும் ஏறியது.

இதே இடைவெளியில் மோசடியும் நுழைந்தது. 1990-களில் குறைந்த வேகப் பென்டியத்தின் முத்திரையை அழித்து, கூடுதல் வேகத்தைப் பொறித்து விற்ற கூட்டம் உலகமெங்கும் இருந்தது. வாங்கியவர் மாதக்கணக்கில் சேர்த்த பணம் அதில் போயிருக்கும். வெயில் காலம் வந்ததும் கம்ப்யூட்டர் காரணமில்லாமல் நின்றுநின்று போகும். தெரிந்தே தன் பொருளை வேகமாக ஓட்டுவது வேறு, தெரியாதவன் தலையில் அதைக் கட்டுவது வேறு. இன்டெல் தன் ப்ராசஸர்களின் பெருக்கல் எண்ணைப் பூட்டி வைத்ததற்கு இந்த மோசடியும் ஒரு காரணம்.

பூட்டினாலும் பக்கவழி இருந்தது. 1998 ஆகஸ்டில் இன்டெல் இரண்டு ப்ராசஸர்களை விட்டது. பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். விலை 669 டாலர். செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ். விலை 149 டாலர். செலரானின் கணக்கு 66 பெருக்கல் 4.5. பெருக்கல் எண்ணைத் தொட முடியாது. ஆனால் மதர்போர்டின் தாளத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் நூறு பெருக்கல் நாலரை, சரியாக 450! சில மதர்போர்டுகளில் அந்த மாற்றத்துக்கு ஒரு தொடுமுனையின் மேல் சின்னத் துண்டு டேப் ஒட்டினாலே போதும். நல்ல ஹீட் சிங்க் போட்டால் பெரும்பாலான 300ஏ-க்கள் அந்த வேகத்தில் நின்றன. இரண்டு வருடம் கழித்து ஏ.எம்.டி. ப்ராசஸர்களின் பூட்டைப் பென்சிலால் கோடு போட்டே திறந்தார்கள். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா! வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு வசதியானவனின் வேகம் கிடைத்த காலம் அது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் விசிறியும் தெர்மல் பேஸ்ட்டும் தேடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதில் ஒரு கடுமையான கணக்கு இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் அதே அளவுக்குச் சூடு கூடும். அந்த வேகத்தைத் தாங்க வோல்டேஜையும் கூட்ட வேண்டி வந்தால், சூடு வோல்டேஜின் இருமடிக்கு ஏறும். வேகம் 10 சதவீதம், வோல்டேஜ் 10 சதவீதம் கூட்டினால் சூடு 33 சதவீதம் கூடிவிடும். இந்தக் கணக்கில் கடைசியில் கம்பெனியே மாட்டிக்கொண்டது. செலரான் 300ஏ சுமார் 20 வாட்தான் எரித்தது. 2004-ல் வந்த பென்டியம் 4 வகைகளில் சில 115 வாட் வரை போயின. அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை இன்டெல் அந்த வருடமே கைவிட்டது. ஒரே மூளையை விரட்டுவதற்குப் பதிலாக இரண்டு, நான்கு மூளைகளை ஒரே சில்லில் வைக்கும் வழக்கம் அதன்பிறகுதான் பரவியது. 2008-லிருந்து 'டர்போ பூஸ்ட்' என்ற பெயரில், சூடு அளவுக்குள் இருக்கும்வரை ப்ராசஸர் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. 2010 முதல் பூட்டில்லாத ப்ராசஸர்களையும் இன்டெல் தனியாக விற்கிறது.

இனி நம்மூர் விஷயம். ஹீட் சிங்க் எவ்வளவு பெரிதானாலும் அறையின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறையைவிட 40 டிகிரி கூடுதலில் நிறுத்தும் கூலர் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி உள்ள லண்டன் அறையில் ப்ராசஸர் 60 டிகிரி. 38 டிகிரி உள்ள ராயபுரம் மாடி அறையில் 78. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்லும் எண்களை இங்கே அப்படியே பின்பற்றக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சில்லென்ற தண்ணீர் விட்டால் தீர்ந்தது என்றும் நினைக்கக் கூடாது. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஐஸ் போட்ட டம்ளர் வியர்ப்பதுபோல மதர்போர்டும் வியர்க்கும். அந்த ஒரு சொட்டு போதும். தூசி வேறு. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரம் வீடுகளில் படிந்த கரித்தூள் நமக்குத் தெரியும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அது நின்றாலும், சாலைத் தூசியும் உப்புக் காற்றும் நிற்கவில்லை. தகடுகளுக்கு நடுவே அடைந்த தூசி, ப்ராசஸருக்குப் போர்த்திய கம்பளி.

முறை தெரிந்தவர்கள் செய்வது இப்படி. முதலில் தூசி தட்டிச் சுத்தம் செய்வார்கள். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதியதைக் கொஞ்சமாக வைத்துப் பெரிய கூலரைப் பொருத்துவார்கள். முன்பக்கம் காற்று நுழையவும் பின்பக்கம் வெளியேறவும் விசிறி வைப்பார்கள். பிறகுதான் வேகத்தில் கை வைப்பார்கள், அதுவும் ஒரு படி மட்டும். ஒவ்வொரு படிக்கும் மணிக்கணக்கில் கடும் வேலை கொடுத்து, சூடு 80, 85 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். வோல்டேஜைக் கடைசியில்தான் தொடுவார்கள். சோதனையை மார்கழியில் செய்துவிட்டுச் சித்திரையில் நிம்மதியாக இருக்க முடியாது. வெயிலிலும் ஒருமுறை செய்ய வேண்டும்.

அந்தக் கடும் வேலைக்குப் பலரும் பயன்படுத்துவது பிரைம்95 என்ற புரோகிராம். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. விடை முன்பே தெரிந்த பெரிய கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கும். ஓரிடத்தில் தப்பினாலும் பிடித்துவிடும். 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு நம் துறைமுகக் கணக்குப் பிரிவில் சேர்ந்த ராமானுஜன், அடுத்த வருடம் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் பகா எண்களைப் பற்றியும் எழுதியிருந்தார். எந்த விசிறியும் இல்லாமல் ஓடிய மூளை!

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. வெளியேற்றிய சூடு எங்கே போகிறது? பெட்டியிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து தெருவுக்கு. அதோடு முடியவில்லை. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. வீட்டில் 100 வாட் கூடுதலாக எரித்தால் அங்கே 300 வாட் அளவுக்குக் கரி எரியும். மீதிச் சூட்டில் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரோடு போகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடி ஓய்ந்தது. வடசென்னை அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது. வெந்நீரும் சாம்பலும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் மீனும் இறாலும் குறைந்துவிட்டன என்று அங்குள்ள மீனவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். நம் பெட்டியை நாம் குளிரவைத்துக்கொள்கிறோம். அவர்கள் வலை வீசும் தண்ணீர் சுடுகிறது.

பேரனோ பேத்தியோ ஓவர்கிளாக் செய்யப்போகிறேன் என்று வந்தால் விரட்டிவிடாதீர்கள். கைவேலையும் பொறுமையும் கற்றுத்தரும் விஷயம் அது. பக்கத்தில் உட்கார்ந்து, சூடு எத்தனை டிகிரி, கரண்ட் எத்தனை வாட் கூடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேவையில்லாத நேரத்தில் பழைய வேகத்துக்கே திருப்பி வைக்கவும் சொல்லுங்கள். தொழிற்சாலையில் லாக் புக் எழுதிய நமக்கு, சொல்லித்தர இது ஒன்றாவது தெரியும்.